ரெண்டு நாளுன்னு சொல்லு

கொரக்கவத்தைத் தோட்டத்துச் சனங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையோடு ஒரு பொய்யையும் கொண்டுபோவார்கள். காய்ச்சல் ஒரு வாரமாக இருந்தால் மூன்று நாள் என்பார்கள். காலில் புண் வந்து ஒரு மாதமானால் போன கிழமைதான் வந்தது என்பார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அதில் கிடையாது. உண்மையைச் சொன்னால், இவ்வளவு நாளும் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று சிங்களத்தில் ஏச்சு விழும். வரிசையில் நிற்கிற ஐம்பது பேருக்கு முன்னால் அதை வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட, நாளைக் குறைத்துச் சொல்லிவிட்டு மருந்தோடு வீடு வந்து சேர்வது மேல். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான். இதைப் போய்ப் பொய் என்கிறாயே என்று என்மேல்கூட அவர்களுக்குக் கோபம் வரும்.

கேஷானிக்கு இது தொழிலாகவே இருந்தது. யட்டியாந்தோட்டை பஜாரில் பளீலா என்பவரின் கடையில் அவளுக்கு வேலை. போட்டோ கொப்பி எடுப்பாள், படிவம் நிரப்புவாள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல அவள் சிங்களத்தில் எழுதுவாள். பிள்ளையின் பிறப்பைப் பதியப் பிந்தினால் அதற்கொரு காரணம், அடையாள அட்டை தொலைந்தால் அதற்கொரு கதை. அரசாங்கக் கந்தோரில் யாரும் முகம் சுளிக்காத மாதிரி எல்லாவற்றையும் சீர்பண்ணி எழுதுவதில் இருபத்து நாலு வயதிலேயே கைதேர்ந்திருந்தாள். கேஷானி எழுதினால் திரும்பி வராது என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டும், அந்த வயதில் இல்லாவிட்டால் பிறகு எப்போது?

அவளுடைய அப்பா தங்கையா றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. எட்டு வருஷமாகச் சீனி வியாதி. போன வருஷம் இரண்டு தடவை வயிற்று வலி வந்து கிளினிக்குக்குப் போனபோது, பித்தப்பையில் கல் இருக்கிறது, ஒப்பரேஷன் செய்து எடுத்துவிடலாம், திகதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். திருவிழா முடியட்டும் என்றார் தங்கையா. அந்தத் திருவிழா முடிந்து அடுத்த திருவிழாவும் வந்துவிட்டது. திகதி மட்டும் வாங்கவில்லை. கேஷானி மூன்று தடவை ஞாபகப்படுத்தினாள். நாலாவது தடவை ஞாபகப்படுத்தாமல் விட்டதும் அவள்தான்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பதினாலு வருஷமாகக் கரகம் எடுக்கிறவர் தங்கையா. திருவிழா தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை, மஞ்சள் துண்டு கோத்த நூலை அவருடைய வலது மணிக்கட்டில் கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டிய நேரத்திலிருந்து ஒன்பது நாளைக்கு ஒருவேளைச் சாப்பாடு. கடைசி நாள் கரகத்தை ஆற்றில் விட்டுக் காப்பை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது கீழே ஆற்றின் மேலிருக்கும் பாலம். அதில் எலுமிச்சம்பழம் வெட்டி எல்லை கட்டியிருப்பார்கள். காப்புக் கட்டியவன் அந்தப் பாலத்தைத் தாண்டினால் அவனுக்கு மட்டுமல்ல, தோட்டத்துக்கே ஆகாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த வருஷம் காப்புக் கட்டிய மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மாலை, அவருக்கு வலி வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்து, முதுகுப் பக்கமாகத் துளைத்துக்கொண்டு போகிற வலி. நாலைந்து தடவை வாந்தி எடுத்தார். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு எதற்குக் குளிசை என்று சீனிக் குளிசையையும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நிறுத்தியிருந்தார். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள் கேஷானி. விடிந்தபோது அவர் கத்தியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டிருந்தார்.

வலியோடு எப்படி வெட்டினார் என்று லயத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். அது அப்படி ஒன்றும் ஆச்சரியமில்லை என்று பின்னால் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. இந்த வலி மல்லாந்து படுத்தால் கொல்லும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் விடும். அவருடைய பங்கில் இருந்த மரங்களில் வெட்டு முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்துதான் வெட்ட வேண்டும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மனுஷன் மரம் மரமாகக் குனிந்து குனிந்து தன் வலியை ஏமாற்றிக்கொண்டிருந்தார். அம்மன் வேலை செய்கிறவருக்கு அம்மன் துணை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவருடைய மனைவி இராஜமும் அதைத்தான் நம்பினாள். கேஷானி பார்மசியிலிருந்து கேஸ்ட்ரிக் குளிசையும் வலிக் குளிசையும் வாங்கிவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது, இது சரியில்லை என்று அவளுக்கு உள்ளூரத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, கட்டாயம் போயே ஆக வேண்டும் என்று அவள் அப்பாவோடு சண்டை பிடித்தாள். அவர் சுவரில் சாய்ந்து, முழங்காலை மடக்கிக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"திங்கக்கெழம கரகம் எறங்குனதும் நானே வர்றேன் பாப்பா. அதுவரைக்கும் என்னயப் பாலம் தாண்டச் சொல்லாத."

பதினாலு வருஷமாகக் கரகம் எடுக்கிற மனுஷனிடம் இதற்குமேல் எதைப் பேசுவது? ஊருக்கே எழுதிக் கொடுக்கிற மகள் ஒரு வலிக் குளிசையையும் தண்ணீரையும் அவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முற்றத்தில் தங்கையா விழுந்தார். உடம்பு வேர்த்துக் குளிர்ந்திருந்தது. தொட்டால் நெருப்பாய்ச் சுட்டது நெற்றி மட்டும்தான். வயிறு பலகையாகிக் கிடந்தது. இனி யாரையும் கேட்பதில்லை என்று கேஷானி பஜாரிலிருந்து ஸியாமின் த்ரீவீலரைக் கூப்பிட்டாள். தூக்கி ஏற்றினார்கள். ஒரு பக்கம் இராஜம், ஒரு பக்கம் கேஷானி, நடுவில் மடிந்துபோய் அவர். பாலத்துக்குக் கிட்ட வந்ததும் அவர் கண்ணைத் திறந்து முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொன்னார். ஸியாம் வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் பார்த்தார். இராஜம் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"போங்க நானா," என்றாள் கேஷானி ஸியாமிடம்.

பாலத்தைத் தாண்டியதும் தங்கையா கம்பியை விட்டுவிட்டார். டவுன் தெரியத் தொடங்கியபோது இராஜம் மகளின் கையைத் தொட்டாள்.

"ரெண்டு நாளுன்னு சொல்லு புள்ள. ஆறு நாளுன்னா ஏசிப்புடுவாங்க. கண்டபடி ஏசிட்டு ஒழுங்காப் பாக்கவும் மாட்டாங்க."

கேஷானி தலையாட்டினாள். அம்மா சொல்லும் முன்பே அவள் மனதுக்குள் அதைத்தான் எழுதி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைவிட நாலைந்து வயதுதான் கூடுதலாக இருக்கும், ஒரு டொக்டர் நோனா தங்கையாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே எத்தனை நாளாக என்று கேட்டார்.

"தவஸ் கீயக் வெனவாத?"

"தவஸ் தெகய்," என்றாள் கேஷானி, நல்ல சுத்தமான சிங்களத்தில். டொக்டர் நோயாளியின் விவரம் எழுதும் டிக்கட்டில் இரண்டு என்று எழுதினார். ஏச்சு விழவில்லை. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிறகு அவள் தன்னையே அடித்துக்கொண்டாள்.

அடையாள அட்டையைக் கொடுத்துப் பதிந்துவிட்டு அவள் திரும்பி வருவதற்குள், சேலைன் ஏற்ற நரம்பு தேடிய நர்ஸ் மிஸ், வீங்கிய மணிக்கட்டில் இறுகிக் கிடந்த காப்பைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார். அந்தம்மாமேல் குற்றமில்லை. வீங்கிய கையில் மோதிரமானாலும் நூலானாலும் வெட்டத்தான் செய்வார்கள். இது ஏதோ கோயில் நூல் என்று புரிந்து, அதைப் பஞ்சில் சுற்றிக் கேஷானியிடம் கொடுத்தார். அவள் பர்ஸுக்குள் வைத்தாள். வெளியே வாங்குப் பலகையில் இருந்த இராஜத்துக்கு அது தெரியாது.

இரத்தப் பரிசோதனை வந்தது. சீனி நானூற்றைத் தாண்டியிருந்தது. கணையத்திலிருந்து வருகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டியதைவிடப் பத்து மடங்கு கூடியிருந்தது. பித்தப்பைக் கல் ஒன்று நழுவிக் குழாயை அடைத்துவிட்டது, சாப்பாட்டைச் செரிக்க வைக்கிற கணையம் இப்போது தன்னையே செரித்துக்கொண்டிருக்கிறது என்று டொக்டர் நோனா விளக்கினார். பிறகு பெரிய சேர்ஜன் வந்தார். நரைத்த, அவசரப்படாத மனுஷர். டிக்கட்டை வாசித்துவிட்டுச் சின்ன டொக்டர்களுக்குப் பாடம் சொல்வதுபோல் பேசினார். இரண்டாம் நாளில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பிரயோசனம் இல்லை, எது அழுகியது எது நல்லது என்று அப்போது தெரியாது, நாலைந்து நாள் போகட்டும். காய்ச்சல் இருக்கிறதுதான். ஆனால் தொடக்கத்தில் இந்த அழற்சியே காய்ச்சலைக் கொண்டுவரும், கிருமி என்று நினைத்து அன்டிபயோடிக்கை ஆரம்பிக்காதீர்கள். சேலைனும் வலி மருந்தும் இன்சுலினும் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அந்த இரண்டு மட்டும் இரண்டாக இருந்திருந்தால்.

கேஷானி கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆறு நாள், சேர் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அப்பாவின் கட்டிலைச் சுற்றி நிற்கும் ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். பொய்க்காரி என்று நினைத்தால் அப்பாவை ஒதுக்கிவிடுவார்களோ என்று இருந்தது. நாலு நாள் வித்தியாசம் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்றும் தோன்றியது. அவள் படிவம் எழுதுகிறவள், வைத்தியம் படித்தவள் இல்லை. சேர்ஜன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பகல், பார்வையாளர் நேரத்தில் அவள் போனபோது தங்கையா கையைத் தூக்கி மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காப்பு எங்க பாப்பா?"

மிஸ் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்றாள். அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். அன்றைக்குத்தான் கரகம் இறங்கும் நாள். யார் எடுத்தது என்று அவர் கேட்டார். இராமசாமி மாமா எடுத்தார் என்று சொன்னாள். அது உண்மைதான். கால் நனைய ஆற்றில் இறங்கினானா, வழுக்காமல் இறங்கினானா என்று கேட்டார். பிறகு வலி மருந்தில் தூங்கிப்போனார்.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் இன்னும் ஏறியது. மூத்திரம் குறைந்தது. மூச்சு வாங்கியது. ஓக்சிஜன் வைத்தார்கள். கேஷானி வார்ட்டுக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு தடவை டொக்டர் நோனாவை மறித்தாள். இரண்டு தடவையும் அப்பாவுக்கு எப்படி என்று மட்டும்தான் கேட்க வந்தது. நாள் கூடக் கூட அந்தச் சொல் கனத்துக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருந்தால் அது ஒரு திருத்தம். செவ்வாய்க்கிழமை அது ஒரு குற்றம்.

புதன்கிழமை சி.டி. எடுத்தார்கள். மத்தியானம் சேர்ஜன் அவளைக் கூப்பிட்டார். வார்ட்டின் மூலையில் இருந்த மேசைக்கு அருகே அவளும், அவளுக்குப் பின்னால் இராஜமும் நின்றார்கள். அவர் ஒரு கடதாசியில் கணையத்தை வரைந்தார். நாக்கு மாதிரி நீளமாக இருந்தது. அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டார்.

பேக்கரிப் பாணைப் பிட்டால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்குமே, ஸ்கேனில் அப்படி இருக்கிறது என்றார். கணையத்தின் முக்கால்வாசி செத்துவிட்டது. செத்த சதையில் கிருமி ஏறி, அது வளரும்போது விடுகிற வாயு அந்த ஓட்டைகளில் நிற்கிறது. சீனி ஏறிய உடம்பு அதற்கு நல்ல மண். இப்போது பலமான அன்டிபயோடிக் ஆரம்பித்திருக்கிறோம். விலாப் பக்கத்தால் குழாய் ஒன்றை விட்டுச் சீழை எடுக்கப் பார்ப்போம். வயிற்றைத் திறந்து செத்த சதையை வெட்டியெடுக்க இப்போது முடியாது. இந்த நிலையில் திறந்தால் மேசையிலேயே போய்விடுவார். குழாயை வைத்துக்கொண்டு மூன்று நாலு வாரம் உடம்பு தாங்கினால்தான் அதைப் பற்றி யோசிக்கலாம். தாங்குமா என்பதுதான் கேள்வி. சிறுநீரகம் விழுந்துகொண்டிருக்கிறது, மூச்சும் விழுகிறது. இப்படி இரண்டும் சேர்ந்து விழுந்தால், தன் கையில் வந்த பத்துப் பேரில் இரண்டு பேர், கூடிப்போனால் மூன்று பேர் தப்பியிருக்கிறார்கள் என்றார்.

சொல்லிவிட்டு அவர் பேனையை மூடாமல் டிக்கட்டைப் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

இவ்வளவு சீக்கிரம் இப்படி வருவது குறைவு, நங்கி, என்றார், தங்கச்சியிடம் பேசுவதுபோல். ஐந்து நாளில் இந்த அளவுக்கு அழுகி நான் பார்த்தது மிகக் குறைவு. வலி எப்போது தொடங்கியது?

அவர் குரலில் சந்தேகம்கூட இல்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டார். கேஷானி ஏச்சை வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவருக்கு வருத்தம் தொடங்கி, இங்க வரும்போது, தவஸ் ஹயய் சேர்," என்றாள். தமிழும் சிங்களமும் கலந்து வந்தது. படிவம் எழுதுகிறவளுக்கு அன்றைக்கு ஒரு வாக்கியம் ஒழுங்காக வரவில்லை.

அவர் டிக்கட்டின் முதல் பக்கத்துக்குப் போனார். இரண்டின்மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் ஆறு என்று எழுதி, கீழே கையெழுத்து வைத்தார். ஏசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருந்தால் அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருப்போம் என்று மெதுவாகச் சொன்னார். மருந்தும் குழாயும் மூன்று நாள் முந்தியிருக்கும். முந்தியிருந்தால் தப்பியிருப்பாரா என்று என்னிடம் கேட்காதே, அது எனக்குத் தெரியாது. இனி அதை நினைத்துப் பயனில்லை, அப்பாவுடன் போய் இரு என்றார்.

ஏச்சுக்குப் பயந்து பொய் சொன்னவளுக்கு ஏச்சே கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும். யாராவது கன்னத்தில் ஒன்று விட்டால் நல்லது என்று அவளுக்கு இருந்தது.

"என்னாடி சொன்னாரு?" என்று இராஜம் கேட்டாள்.

"கஷ்டமாம்மா," என்றாள். பத்தையும் இரண்டையும் அவள் மொழிபெயர்க்கவில்லை.

அன்று மாலையே குழாய் விட்டார்கள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் கறுப்பும் பச்சையுமாக ஏதோ இறங்கியது. வியாழக்கிழமை காலை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும், வைத்தால் பேச முடியாது, பேசுகிறவர்கள் இப்போதே பேசிக்கொள்ளுங்கள் என்று ஒருவர் வந்து சொன்னார். இராஜம் உள்ளே போய்த் திருநீற்றைப் பூசி, ஒன்றும் பேசாமல் அவர் காலைத் தடவிவிட்டு வந்துவிட்டாள். இவ்வளவு வருஷத்தில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை, அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

கேஷானி போனபோது தங்கையாவின் கண் மஞ்சளடித்திருந்தது. மாஸ்க்கை ஒரு விரலால் நகர்த்தினார்.

"நான் பாலத்தத் தாண்டியிருக்கக் கூடாது பாப்பா. தாண்டுனப்பவே தெரிஞ்சிருச்சு. ஒன்மேல ஒன்னுமில்ல, நான்தான் எறங்கியிருக்கணும்."

இல்லையப்பா, பாலமும் இல்லை, காப்பும் இல்லை, நான் சொன்ன ஒரு சொல் என்று அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தி என்ன? அம்மனுக்குச் செய்த குறையால் போகிறேன் என்று நினைக்கிற மனுஷன், பெற்ற மகள் சொன்ன பொய்யால் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு போக வேண்டுமா? அவள் மாஸ்க்கைச் சரியாக வைத்துவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காப்பு இருந்த இடத்தில் தோல் வெளுத்து, ஒரு வளையம்போல் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பிரஷர் இறங்கியது. மருந்து கூட்டக் கூட்ட இறங்கியது. சிறுநீரகத்துக்கு மெஷின் வைத்தும் பிரஷர் தாங்காமல் நிறுத்திவிட்டார்கள். இராஜமும் கேஷானியும் ஐ.சி.யூ.வுக்கு வெளியே வாங்கில் இருந்தார்கள். ஸியாம் கொண்டுவந்த தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. இராஜம் இரண்டு நாளாக மனதுக்குள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். அது கேஷானிக்குத் தெரியும். கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கு அந்தப் பெரிய டாக்டர் எதையோ வெட்டி எழுதுனாரே. நீ ஹயய்னு சொன்ன. ஹயன்னா ஆறு. அது எனக்குத் தெரியும்."

கடைத்தெருவில் மரக்கறி வாங்கிப் பழகிய சிங்களம் அம்மாவிடம் இருப்பதைக் கேஷானி மறந்துபோயிருந்தாள்.

"ரெண்டுன்னு சொன்னது தப்பாப் போச்சாடி? நான்தானே சொல்லச் சொன்னேன். அதனாலயா இவரு இப்படிக் கெடக்குறாரு?"

இராஜத்தின் முகத்தைக் கேஷானி நேராகப் பார்த்தாள். ஐம்பது வயது. கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு வெடித்து, பதிலுக்காக நிற்கிற முகம். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், அந்த முகம் மிச்சமிருக்கிற முப்பது வருஷமும் எழும்பாது. லயத்துக் காம்பிராவில், அவர் கத்தி தொங்குகிற ஆணிக்கு எதிரே இருந்து, ரெண்டு நாளுன்னு சொல்லு என்று நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று அரைத்துக்கொண்டே இருக்கும். இதைத் தாங்க ஒரு ஆள் போதும் என்று கேஷானி நினைத்தாள். பிறகு, தன் தொழிலில் கற்ற அத்தனையையும் கூட்டி, கேட்கிறவர் நம்புகிற மாதிரி ஒன்றைச் சொன்னாள்.

"அது வேறம்மா. அது சும்மா கணக்குக்குக் கேட்டாங்க. காப்ப அறுத்தது நான்தான்."

பர்ஸைத் திறந்து பஞ்சுப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்தாள். வெட்டுப்பட்ட நூலும் மஞ்சள் துண்டும் அதற்குள் இருந்தன. மிஸ் அவிழ்க்கச் சொன்னார், அவிழவில்லை, கத்தரிக்கோல் வாங்கி நான்தான் வெட்டினேன் என்றாள்.

இராஜம் அந்த நூலைப் பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது கோபம் இல்லை. பாரம் இறங்கியவளின் மூச்சு வந்தது. அதைக் கேஷானி கண்ணாலே கண்டாள். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஒனக்கு எப்படிடி கை வந்துச்சு?"

அதற்குப் பிறகு அவள் மகளோடு பேசவில்லை. பொட்டலத்தை எடுத்துத் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு வாங்கின் அடுத்த முனைக்குப் போய் உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கையா செத்துப்போனார். சேர்ஜன் வெளியே வந்து கேஷானியிடம் சொன்னார். அவள் இராஜத்திடம் சொன்னாள். அந்தக் கிழமையில் அவள் மொழிபெயர்த்ததில் ஒரு சொல்கூடக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி பாலத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் வந்தது. எல்லை கட்டிய எலுமிச்சம்பழம் பாலத்து ஓரத்தில் காய்ந்து கிடந்தது. லயத்து முற்றம் முழுக்கச் சனம். இராஜம் ஒவ்வொருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டு, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லி அழுதாள். காப்ப அறுத்துட்டாளே, கரகம் எறங்க ஒரு நா இருக்கையில அறுத்துட்டாளே. பெண்கள் திரும்பிக் கேஷானியைப் பார்த்தார்கள். படித்த பிள்ளை, சிங்களம் பேசுகிற பிள்ளை, ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற பிள்ளை. இராமசாமி மாமா அவள் கொண்டுபோன தேத்தண்ணியை வாங்காமல் வேறு பக்கம் பார்த்தார். அவர்களைக் குறைசொல்லி என்ன செய்ய? அவள் கொடுத்ததைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

பெட்டியை மூடும் முன் இராஜம் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். அறுந்த நூலை முடிச்சுப் போட்டுத் தங்கையாவின் வலது மணிக்கட்டில் கட்டினாள். விறைத்த கை, கட்டக் கஷ்டமாக இருந்தது. யாரோ உதவிக்கு வந்தபோது வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். இனி எந்தப் பாலத்தைத் தாண்டினாலும் காப்போடு தாண்டட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

பிறகு வாய்க்கரிசி. சுளகில் அரிசியை வைத்து ஒவ்வொருவராகப் போட்டார்கள். கேஷானியின் முறை வந்தது. அவள் ஒரு கை அரிசியை அள்ளிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டுக்கு வந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குழாய் இருந்த தடம் உதட்டோரத்தில் தெரிந்தது. அவள் குனிந்தபோது இராஜம் குறுக்கே கையை நீட்டினாள்.

"காப்ப அறுத்த கையால போடாத."

சத்தமில்லாமல்தான் சொன்னாள். ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது. பறையோடு காத்து நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கேஷானி அம்மாவைப் பார்த்தாள். நான் அறுக்கவில்லை என்று சொல்ல இது ஒரு இடம். சொன்னால் அடுத்த கேள்வி வரும், அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அவள் பின்னால் நகர்ந்து, அடுத்தவருக்கு வழிவிட்டாள்.

பெட்டியை மூடினார்கள். தூக்கினார்கள். றப்பர் மரங்களுக்கு நடுவே, அவர் குனிந்து வெட்டிய மரங்களைத் தாண்டி, சவக்காலைக்கு இறங்குகிற பாதையில் பறைச் சத்தம் போய்க் குறைந்தது. பெண்கள் தலையில் தண்ணீர் ஊற்றப் பீலிக்குப் போனார்கள். கேஷானி முற்றத்திலேயே நின்றாள். மூடிய கைக்குள் அரிசி வேர்த்து ஒட்டியிருந்தது. அதை எங்கே போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.